கடல் தெரிந்த மணல்பள்ளம்

எங்கள் கோல்ப் கிளப்பின் விதிக்கோவையில் இருபத்து மூன்றாம் விதி இப்படிச் சொல்கிறது: "மைதானத்தின் எந்தப் பள்ளத்திலோ மேட்டிலோ எதையேனும் சேர்த்தோ அகற்றியோ எவரேனும் மாற்றம் செய்தால், அதுபற்றிக் குழு கூடி விசாரித்து முடிவு செய்யும். முடிவு செய்யும்வரை அவர் முன்பிருந்த நிலையிலேயே இருப்பார். அந்த இடமும் இருந்தபடியே இருக்கும்."

முதல் வாக்கியம் கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மற்ற இரண்டையும் வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நான் அங்கே கணக்கும் கடிதமும் எழுதுகிற கிளாக்கர். விதிகளை வாசிக்க யாராவது ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் யாழ்ப்பாணத்துப் பையன்களைப் படிக்க வைத்து மலைநாட்டுக்கு அனுப்பினார்கள்.

விதியை எழுதியவர் மைதானத்தை உண்டாக்கிய பழைய பெரிய துரை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்று ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் மைதானத்தில் ஒரு புல்லைப் பிடுங்கினாலும் அவருடைய பேச்சுத்தான் வரும். கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். அவருடைய ஊரில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே, எதற்கும் உதவாத மணல்மேட்டில், ஒரு பழைய கோல்ப் மைதானம் இருந்ததாம். அதை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. காற்று மேடு வைத்தது. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளம் தோண்டின. மனிதர்கள் வந்து பந்தடித்தார்கள். அந்த மைதானத்தை அப்படியே ஊவா மலையில் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாலாயிரம் அடிக்கு மேலே ஒரு கடற்கரை. துரைமாருக்கு இப்படிப்பட்ட ஆசைகள் வந்தால் தடுக்க ஆள் கிடையாது. நமக்கு வந்தால் வீட்டில் மந்திரிப்பார்கள்.

இடத்தை மட்டும் அவர் நன்றாகத் தெரிந்தெடுத்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புத்தளைக்கும் பெரகலவுக்கும் நடுவே, மலைவிளிம்பில், தேயிலை பிடிக்காத ஒரு பத்தனை. பத்தனை என்றால் மரமில்லாத புல்மலை. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம், மீதிப் பாதி காற்று. எங்களூரில் சோழகம் என்று சொல்கிற அந்தத் தென்மேல் காற்று அங்கே மலையில் மோதி ஏறி வரும்போது ஆளை நிற்க விடாது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. இருந்த இரண்டொரு மரத்தையும் வெட்டினார். மேடுபள்ளங்களை மம்பட்டியால் வெட்டி, காற்று வெட்டியது போலக் காட்டினார். மணல்பள்ளங்களுக்குப் புற்கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி நேர்ச்சுவர் எழுப்பினார். பந்து ஒருமுறை உள்ளே விழுந்தால் ஆட்டக்காரன் தன் குணத்தைக் காட்டாமல் வெளியே வர முடியாது.

புல்தான் அவருக்கு வசப்படவில்லை. ஊரிலிருந்து கப்பலில் விதை வந்தது, முளைத்தது, மழைக்கு அழுகியது. மீண்டும் வந்தது, வெயிலுக்குக் கருகியது. கடைசியில் பந்து உருண்டு விழுகிற வழுவழுப்பான கிறீன்களில் பிடித்து நின்றது நம்முடைய அறுகம்புல். புல் வெட்டும் கூட்டத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"புள்ளையாரு தலையில வைக்கிறத தொரைமாரு சப்பாத்துக் காலால மிதிக்கிறாங்க."

"அதுக்குத்தான் பந்து கோணக்கோணப் போகுது."

மணல் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவேயில்லை. ஆற்று மணல் கூடாது, கடல் மணல்தான் வேண்டும். வருடம் ஒருமுறை, பங்குனியில், ஒரு லொறி பெரகல வழியாக வெல்லவாய இறங்கித் தெற்குக் கரைக்குப் போய் மணல் ஏற்றி வரும். அடுத்த ஆடிக்குள் அதில் பாதியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். பிறகு மறு பங்குனி. இந்தச் சுற்றுக்குப் பராமரிப்பு என்று பெயர்.

மணல் ஏற்றப் போகிற ஆட்களுக்குத் தலைவன் புல்வெட்டுக் கங்காணி. நாற்பதைக் கடந்தவர், நீளமான ஆள், முண்டாசைக் கழற்றினால் தலை பனியில் மின்னும். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர். பத்தனையை வெட்டிப் பள்ளம் தோண்டிய முதல் கூட்டத்தில் அவரும் ஒருவர். கங்காணி இங்கேயே பிறந்தவர். மனைவியும் அவருடைய புல்வெட்டுக் கூட்டத்தில் களை எடுத்தாள். அவளுடைய வாய்க்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவார்.

வேலை காலைப் பெரட்டோடு ஆரம்பிக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. முதல் வேலை கிறீன்களில் இரவு மண்புழு தள்ளிய மண்ணை மூங்கில் விளாறால் தட்டிவிடுவது. பனி காயுமுன் செய்ய வேண்டும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு புல் வெட்டு. பன்றி கிண்டிய இடத்தில் புற்கட்டி வைத்துத் தைப்பது. சரிந்த சுவரை அடுக்குவது. கோடையில் பின்னேரம் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கிறீனுக்குத் தெளிப்பது. எல்லாம் முடிந்தபின் மணல்பள்ளங்களை மரவாரியால் வாரி, வாரிய கோடுகள் கடலை நோக்கி ஓடும்படி விடுவது. கோடுகள் கடலை நோக்கி ஓட வேண்டும் என்பதும் பழைய துரையின் கட்டளைதான்.

கடல் அங்கிருந்து உண்மையிலேயே தெரியும். ஏழாவது கிறீனுக்குக் கீழே, மலைவிளிம்பில், எல்லாவற்றிலும் பெரிய மணல்பள்ளம். மேகம் இல்லாத விடியலில் அதற்குள் நின்று தெற்கே பார்த்தால், சமவெளியெல்லாம் தாண்டி, கத்தி முனைபோல ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் கடல். அரைமணி நேரத்தில் அழிந்துவிடும்.

நான் சேர்ந்த சில வருடங்களில் கிளப்பின் கௌரவ காரியதரிசியாக ஒரு புதிய துரை வந்தார். பக்கத்துத் தோட்டத்தை நடத்தியவரும் அவரே. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சுதந்திரம் கிடைத்தபின் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இவர் போகவில்லை. மற்றதெல்லாம் கையை விட்டுப் போவதால் மைதானத்தையாவது பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தாரோ என்னவோ. புதிய விருந்தாளிகளை ஏழாவது மணல்பள்ளத்துக்குக் கூட்டிப்போய், "இது போலி அல்ல. இது அசல் கடற்கரை. மணலைத் தொட்டுப் பாருங்கள்" என்பார். அவர்களும் தொட்டுப் பார்ப்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆடி கழிந்து ஒரு காலை, அவர் என் அலுவலக மேசையில் ஒரு பிடி செடிகளைக் கொண்டுவந்து வைத்தார். விரல் உயரம், இரண்டிரண்டு இலை.

"இது என்ன?"

"எள், சேர்."

"ஏழாவது மணல்பள்ளத்தில் எள் எப்படி வந்தது?"

பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு என் அண்ணன்மார் கீரிமலைக்குப் போய்க் கடலில் முழுகி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். லீவு கிடைக்காததால் நான் போவதில்லை. இங்கே லீவு கேட்காமலே ஒருவர் வேலையை முடித்திருக்கிறார்.

"காகம் கொண்டுவந்து போட்டிருக்கலாம், சேர்," என்றேன். முழுப்பொய் அல்ல. அந்தச் சடங்கில் காகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் நம்பவில்லை. கூட்டத்தை மணல்பள்ளத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். துரைமார் புத்தகம் வைத்துக் கற்ற தமிழ் ஒரு தனிமொழி. அதில் ஏவல் மட்டும்தான் உண்டு, மரியாதைப் பன்மை கிடையாது.

"யாரு இது போட்டது? நீ சொல்லு!"

கங்காணி முண்டாசைக் கழற்றிக்கொண்டு முன்னே வந்தார்.

"நாந்தாங்க தொரை. எங்கப்பாவுக்குங்க. நம்ம ஆளுங்களும் நாலஞ்சு பேரு. விடியக்கால வந்து எள்ளும் தண்ணியும் விட்டுட்டு, மணலெ சுத்தமா வாரி விட்டுட்டோங்க. அடியில நின்ன எள்ளு, கிறீனுக்குத் தெளிச்ச தண்ணியில மொளைச்சிருச்சு."

"ஏன் இங்கே?"

"கடக்கரையிலதானுங்க விடணும். நாங்க எங்க போறது? இந்த மணலு கடல் மணலு. இங்க நின்னா கடலும் தெரியுது. தொரையே வர்ற தொரைமாருகிட்ட எல்லாம் சொல்றீங்களே, இது அசல் கடக்கரைன்னு."

அவர் பயந்துகொண்டு இதைச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. துரை இதைக் கேட்டு மகிழ்வார் என்று உண்மையாகவே நம்பினார். பிறரெல்லாம் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுப் போகிற ஒரு விஷயத்தை அவர்கள் மட்டும் மெய்யாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்தின் வரலாற்றில் பழைய துரையின் வடிவமைப்பை அவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.

காரியதரிசி என் பக்கம் திரும்பினார். நான் மொழிபெயர்த்தேன், எதையும் விடாமல்.

"அப்படியென்றால் சனிக்கிழமை நான் நின்று அடித்தது இவனுடைய அப்பனின் சாப்பாட்டு மேசையிலா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான், சேர்."

சனிக்கிழமை கிண்ணப் போட்டி. அந்தப் பள்ளத்தில் விழுந்த பந்தை அவர் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் கையால் எடுத்து எறிந்ததை மைதானமே பார்த்திருந்தது. இப்போது வரிசையின் பின்னாலிருந்து கங்காணியின் மனைவி, தனக்குச் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அதான் பந்து மேல வரல. மாமா புடிச்சு வச்சிருந்திருப்பாரு."

கூட்டம் சிரித்துவிட்டது. காரியதரிசிக்குச் சொற்கள் எவ்வளவு புரிந்தனவோ தெரியாது. சிரிப்பு முழுதாகப் புரிந்தது. காது வரை சிவந்தார்.

"பத்துச்சீட்டு," என்றார்.

வேலையிலிருந்து நீக்கிக் கொடுக்கிற சீட்டு அது. துரைமார் தமிழில் அவர்கள் பிழையில்லாமல் உச்சரித்த சொல் அது ஒன்றே.

பின்னேரம் இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மனைவி வாசலிலேயே நின்றாள், வாய் மூடியிருந்தது. அதை அன்றுதான் பார்த்தேன்.

"வேலை போனா போகட்டுங்க கிளாக்கர் ஐயா," என்றார் கங்காணி. "வேற தோட்டத்துல மம்பட்டி புடிச்சாலும் கஞ்சி குடிச்சிக்கலாம். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேனே, அதுதாங்க."

அதைச் சற்று விளக்க வேண்டும். நாற்பத்தெட்டில் நாடு சுதந்திரம் பெற்ற கையோடு வந்த சட்டத்தால் தோட்டத்து மக்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். மறு வருடம் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்தோம், இங்கேயே நிலையாக இருக்கப்போகிறோம், பிழைக்க ஒரு தகுந்த தொழில் இருக்கிறது என்றெல்லாம் நிரூபித்தால் பிரஜையாகப் பதியலாம். கங்காணியின் விண்ணப்பத்தை எழுதியவன் நான். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டால் தொழில் இல்லை, கிளப்பு வேலையாட்களுக்கென்று ஒதுக்கிய வரிசை வீடான லயத்தில் காம்பராவும் இல்லை. விசாரணை அழைப்பு வந்து சேர ஒரு முகவரியும் இருக்காது. அவருக்குப் போகிறது வேலை அல்ல, நாடு. அவருக்கு மட்டுமல்ல, லயத்தில் இருந்த நாலு பிள்ளைகளுக்கும்.

"சீட்டைக் கையில வாங்கிட்டீரோ?" என்று கேட்டேன்.

"இன்னும் தரலீங்க."

"தந்தா வாங்க வேண்டாம். நாளைக்கு வழமைபோலப் பெரட்டுக்கு வாரும்."

"தொரை திட்டுவாருங்களே."

"திட்டுறது நீக்குறது ஆகாது."

வாசலில் நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஐயா பேசுறது பாதி வெளங்கல. ஆனா கேக்க நல்லாருக்கு."

நாங்களும் அவர்களும் ஒரே மொழி பேசினோம் என்பது அந்தக் காலத்தில் இரு தரப்புக்கும் ஒரு சங்கடம். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் தோட்டத்து மக்களை வேறொரு சாதிப் பிராணியாகவே பார்த்தார்கள். நான் பெரிதும் வேறுபட்டவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அன்பினால் தலையிட்டேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஒரு விதி கண்ணுக்கு முன்னால் பாதியாக வெட்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மறுநாள் விதிக்கோவையைக் காரியதரிசியின் முன் திறந்து வைத்தேன்.

"இது அங்கத்தவர்களுக்காக எழுதிய விதி," என்றார் அவர்.

"எவரேனும் என்று எழுதியிருக்கிறது, சேர்."

அவர் சொன்னது சரிதான். பழைய துரை பயந்தது மற்றத் துரைமாருக்கு. தான் போனபின் எவனாவது தன் பள்ளத்தை நிரப்பி மேட்டைத் தட்டிவிடுவான் என்று பயந்து எழுதினார். ஒரு புல்வெட்டுக் கங்காணி "எவரேனும்" என்பதற்குள் அடங்குவான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஆனால் விதி எழுதியவரின் மனதை வாசிப்பது என் வேலை இல்லை. எழுதியதை வாசிப்பதுதான் வேலை.

"சரி, குழுவைக் கூட்டு."

"ஐந்து பேர் வேண்டும், சேர். நாட்டில் இருப்பது மூன்று பேர்."

"பிறகு?"

"குழு கூட இயலாதபோது மைதானத்தை அமைத்தவர் உயிரோடிருந்தால் அவருடைய முடிவே முடிவு என்று இருபத்தைந்தாம் விதி."

இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பழைய துரை தன் பக்கம்தான் நிற்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. "எழுது," என்றார். "இன்றே எழுது. விமானத் தபாலில் போகட்டும்."

"விமானத் தபாலுக்குக் குழுவின் அனுமதி வேண்டும், சேர்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறைப்பாட்டைக் காரியதரிசியே சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். மணல்பள்ளத்தின் வரைபடமும் இணைக்க வேண்டும் என்று யோசனை சொன்னேன். அதை ஏற்றுக்கொண்டார். வரைபடத்துக்கு அளவெடுக்கப் பனி விலக வேண்டும். பனி விலகத் தை பிறந்தது. கடிதம் கப்பலில் போயிற்று. பழைய துரை வீடு மாறியிருந்தார். கடிதம் அவரைத் தேடிக்கொண்டு திரிந்து, ஆள் இல்லை என்ற குறிப்போடு எங்களிடமே திரும்பி வந்தது. வேறொரு முகவரி கண்டுபிடித்து மீண்டும் அனுப்பினோம். இதில் நான் தாமதம் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. எதையும் அவசரப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காத்திருப்பில் கங்காணி தினமும் தபால் வரும் நேரத்துக்கு அலுவலகப் பக்கம் புல் வெட்ட வந்துவிடுவார். விசாரணை நடக்கும் பதுளையிலிருந்து அழைப்பு முதலில் வர வேண்டும், கடல் தாண்டிப் பதில் பிறகு வர வேண்டும். மாறி வந்தால் எல்லாம் போயிற்று. மனைவிக்கு வாய் திரும்பிவிட்டது.

"ஐயா, கப்பலு மெதுவாத்தானே வரும்?"

"மெதுவாத்தான்."

"நடுவுல எங்கயாச்சும் நின்னு தேத்தண்ணி குடிச்சிட்டு வருமா?"

"அதை நான் எப்படிச் சொல்லுறது?"

"எல்லாத்துக்கும் விதி வச்சிருக்கீங்க, இதுக்கு ஒண்ணு இல்லையாக்கும்!"

இதற்கிடையில் ஏழாவது மணல்பள்ளம் தன்பாட்டில் கிடந்தது. அந்த மணலை முழுக்க அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடக் காரியதரிசி விரும்பினார். விதியின் மூன்றாவது வாக்கியத்தைக் காட்டினேன்: அந்த இடமும் இருந்தபடியே இருக்கும். வாரவும் கூடாது, சுவரைத் தொடவும் கூடாது. எள்ளுச்செடிகள் குளிரில் சிறுத்துச் செத்தன. காற்று தன் விருப்பப்படி மணலை ஒரு மூலையில் குவித்தது. நேர்ச்சுவர் சரிந்து, சரிந்த இடத்தில் புல் தொங்கியது. லயத்து ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கி அங்கே படுக்கத் தொடங்கின. அவற்றைத் துரத்துவதும் மாற்றம் செய்வதாகுமோ என்ற ஐயத்தில் நான் துரத்தச் சொல்லவில்லை.

ஒருநாள் விடியலில் போய் நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பழைய துரை இத்தனை வருடம் லொறி வைத்தும் மம்பட்டி வைத்தும் செய்ய முயன்றது, எல்லாரும் கையை எடுத்தபின் தானாக வந்திருந்தது. அவருடைய ஊர் மைதானத்தைப் பற்றிச் சொல்வார்களே, காற்றும் ஆடும் செய்தது என்று, அது இதுதான். அதன் அழகைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைப் பராமரிக்கக் கூடாது. பராமரிக்காவிட்டால் அதில் பந்தடிக்க முடியாது. மைதானம் என்பதே இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற ஒரு சமரசம். அலுவலகங்களும் அப்படித்தான் நடக்கின்றன என்று பிற்காலத்தில் கண்டுகொண்டேன். அரசாங்கம் என்பதும் அப்படித்தானோ என்று அந்த ஐம்பத்தாறாம் ஆண்டில் சில நாள் யோசித்தேன். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, என் மொழியில் இனி அலுவல் நடக்காது என்று சட்டம் செய்த ஆண்டு அது. வாரியை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்குக் கங்காணி மணல்பள்ளத்துப் பக்கம் போகவில்லை. காலை ரயிலில் ஹாலிஎல போய், ஆற்றில் இறங்கி எள்ளுத்தண்ணீர் விட்டுவிட்டு, பின்னேரம் திரும்பி வந்தார்.

"ஆத்துத் தண்ணியும் கடலுக்குத்தானுங்களே போகுது," என்றார். சமாதானம் யாருக்கென்று தெரியவில்லை.

மாரி தொடங்கியபின் பதுளையிலிருந்து அழைப்பு வந்தது. பதில் இன்னும் வரவில்லை. கிளப்பின் செக்ரோலை ஒப்படைக்கவும் சாட்சி சொல்லவும் நானும் அவரோடு ரயிலேறினேன். கங்காணி வெளுத்த வேட்டியும், கலியாணத்துக்குத் தைத்த கோட்டும் போட்டிருந்தார். மனைவி வரவில்லை. "நான் வந்தா வாயத் தொறந்துருவேன்" என்று தானாகவே நின்றுவிட்டாள்.

அரசாங்க அலுவலகமான கச்சேரிக் கட்டிடத்தில் ஒரு பின்னறை. விசாரணை உத்தியோகத்தர் சிங்களவர், நடுவயது, என்னைப் போலவே காகிதத்தைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பாராதவர். மொழிபெயர்க்க ஒருவர். தொழில் என்ன என்று கேட்டார்.

"மணலு வாருறதுங்க. புல்லு வெட்டுறதுங்க."

"நிரந்தரமா? ஒழுங்கு நடவடிக்கை எதுவும் உண்டா?"

நான் எழுந்து, ஒன்று நிலுவையில் இருப்பதாகவும், முடிவாகும்வரை அவர் முன்பிருந்த நிலையிலேயே இருப்பார் என்று விதி உள்ளதாகவும் ஆங்கிலத்தில் சொன்னேன். உத்தியோகத்தர் விதிக்கோவையை வாங்கி வாசித்தார். கடைசி வரை வாசித்தார். என் வாழ்க்கையில் அப்படி வாசித்த மனிதர் அவர் ஒருவர்.

பிறகு அவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விக்கு வந்தார். அதில்தான் அதிகம் பேர் விழுந்தார்கள். இந்தியாவில் யார் இருக்கிறார்கள், போய் வருவது உண்டா, மனம் எங்கே இருக்கிறது என்பதை அறியும் கேள்வி.

"அப்பா எங்கே இறந்தார்?"

"இங்கதானுங்க. லயத்துல."

"அவருக்குத் திதி கொடுக்க இந்தியாவுக்குப் போவது உண்டா? இராமேசுவரம், அங்கே இங்கே?"

"இல்லீங்க."

"பின் எங்கே கொடுக்கிறாய்?"

கங்காணி என்னைப் பார்த்தார். போன வருடம் இதே பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லிப் பட்ட பாடு அந்தப் பார்வையில் இருந்தது. நான் தலையசைத்தேன்.

"போன வருசம் ஏழாவது மணல்பள்ளத்துலங்க. கோல்ப் அடிக்கிற எடத்துல."

மொழிபெயர்ப்பவர் தயங்கினார். உத்தியோகத்தர் அப்போதுதான் நிமிர்ந்தார். "இதற்கு அத்தாட்சி உண்டா?"

உண்டு. இந்த மனிதன் தன் தந்தைக்கான சடங்கை இந்த நாட்டின் மண்ணில், இன்ன இடத்தில் செய்தான் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை கையெழுத்திட்டு எழுதிய முறைப்பாட்டின் பிரதியை மேசையில் வைத்தேன். வரைபடத்தோடு. பாதகமாக எழுதியவர் ஆதலால் பக்கச்சார்பு என்று யாரும் தள்ள முடியாது என்பதையும் பணிவோடு சுட்டிக்காட்டினேன்.

உத்தியோகத்தர் அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை. "அப்பனுக்கு இங்கே தண்ணீர் விடுகிறவன் வேறெங்கே போகப்போகிறான்," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

ரயிலில் திரும்பி வரும்போது கங்காணி கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஹாலிஎல தாண்டியபின், "தொரைக்கு ஒரு கும்புடு போடணுங்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றேன்.

மார்கழியில் சான்றிதழ் வந்தது. கங்காணியும் மனைவியும் பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள். அதை என் மேசையில் விரித்து வைத்து, தொடாமல், குனிந்து பார்த்தார்கள். மனைவி ஆமென்பதை என் யாழ்ப்பாணப் பேச்சைப் போலவே இழுத்து, "ஓம்," என்றாள். பிறகு அழுதாள். இந்த மலையிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் அதே கேள்விகளுக்கு வேறு பதில் சொல்லித் தள்ளுபடியானவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு விதிக்கோவையும் ஒரு கோபக்காரக் காரியதரிசியும் வாய்க்கவில்லை. இதை நியாயம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சுயஸ் கால்வாய் அந்த மாதங்களில் மூடிக் கிடந்தது. கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. பழைய துரையின் பதிலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். காரியதரிசி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உறையைக் கிழித்தார். நடுங்கும் கையெழுத்தில் இரண்டு பக்கம். கங்காணியைப் பற்றியோ எள்ளைப் பற்றியோ ஒரு வரி இல்லை. அனுப்பிய வரைபடத்தில் மணல்பள்ளத்தின் தெற்குச் சுவர் சரிந்திருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறது, தான் அப்படி அமைக்கவில்லை, அளந்தவன் முட்டாளாக இருக்க வேண்டும், சரியாக அளந்து மறுபடி அனுப்பினால் விஷயத்தை யோசிக்கலாம் என்று எழுதியிருந்தார்.

காரியதரிசி அதை என் பக்கம் தள்ளிவிட்டு மீண்டும் மைதானத்துக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த கங்காணி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சொல்லியிருக்காங்க?"

"படம் பிழையாம். திருப்பி அளந்து அனுப்பட்டாம்."

"அப்ப இன்னொரு கப்பலு போகணுங்களா?"

"போக வேணும். பனி விலகட்டும்."

அவர் வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கடிதத்தின் மேல்மூலையில், முறைப்படி, வந்து சேர்ந்த தேதியை எழுதினேன்: 1957 ஜனவரி 15.